டிஸ்சார்ஜ் சீட்டுக்கு முன்னால் கேட்காதீர்கள்

அத்தியாயம் 7: நோயாளிகளிடமும் பணியாளர்களிடமும் கருத்துக் கேட்பது

டிஸ்சார்ஜ் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. காப்பீட்டு அனுமதி வந்துவிட்டதா என்று பார்க்க மகன் மறுபடியும் கவுண்டருக்குப் போயிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் சிரித்த முகத்தோடு வந்து படிவம் ஒன்றை நீட்டுகிறார். "எங்க சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு டிக் பண்ணிக் குடுங்கம்மா." அந்தம்மா மேலிருந்து கீழ் வரை எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' கட்டத்தில் டிக் போட்டுக் கொடுக்கிறார். சாப்பாட்டுக்கும் 'மிக நன்று'தான். அவர் அங்கே ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை, வீட்டிலிருந்து வந்தது.

அரசு மருத்துவமனையில் படிவம் வேறு, பதில் இதேதான். பிரசவ வார்டுக்குப் போய், "இங்க எல்லாம் வசதியா இருக்காம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்றவள் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொள்வார்: "ஒரு குறையும் இல்லைங்க, டாக்டரம்மா தங்கமானவங்க." அவர் பொய் சொல்லவில்லை. பணம் வாங்காமல் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். தடுப்பூசிக்கு மறுபடியும் இதே வாசலுக்குத்தான் வர வேண்டும். கேட்கிறவர் கழுத்தில் மருத்துவமனையின் அடையாள அட்டை தொங்குகிறது. வேறென்ன பதில் வரும்?

இந்த அத்தியாயத்தில் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான். திருப்தியா என்று கேட்காதீர்கள், என்ன நடந்தது என்று கேளுங்கள். நோயாளியிடமும் அப்படி, பணியாளரிடமும் அப்படி. பிறகு இருவர் சொன்னதையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள். சுமார் 200 படுக்கை உள்ள அரசு மருத்துவமனையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தனியார் மருத்துவமனைக்காரர்கள் 'ஓபி சீட்டு' என்ற இடத்தில் 'பில்' என்று வாசித்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்திவிடும்.

எதற்காகக் கேட்கிறோம்

2013 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியத் தர உறுதித் தரநிலைகள், நோயாளிகளின் திருப்தியையும் பணியாளர்களின் திருப்தியையும் அவ்வப்போது அளந்தறியச் சொல்கின்றன. என்ஏபிஹெச் அங்கீகாரம் வாங்கும் மருத்துவமனைகளும் கருத்துக் கேட்டாக வேண்டும். இதனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆய்வுக்குழு வரப்போகிறது என்றால் முந்தின வாரம் அவசர அவசரமாகப் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஆய்வுக்கு வருகிறவர்களும் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள்தான். அவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

சான்றிதழுக்குத் தேவையான படிவத்தை முறைப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கேள்விகளை எழுதுவதற்கு முன் கண்காணிப்பாளர், ஆர்எம்ஓ, நர்சிங் சூப்பரின்டெண்ட், மருந்தாளுநர், துப்புரவு ஒப்பந்தத்தின் சூப்பர்வைசர் ஆகியோரை ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். யோசித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதற்கு மோசமான பதில் வந்தால் யார் என்ன செய்வீர்கள், எந்தப் பணத்தில்?" என்று கேளுங்கள். நோயாளர் நலச் சங்க நிதியில் முடியுமா, பொதுப்பணித் துறைக்கு எழுத வேண்டுமா, பணமே தேவையில்லையா என்று அங்கேயே பேசிவிடலாம். எவரும் வாய் திறக்காத கேள்வியை அடித்துவிடுங்கள். நாற்பது கேள்வியோடு தொடங்கும் கூட்டம் பதினைந்தோடு முடியும். நோயாளியின் பொறுமைக்கும் பதினைந்துதான் எல்லை.

புதுக் கட்டடம் வேண்டுமா, எம்ஆர்ஐ ஸ்கேன் வேண்டுமா என்றெல்லாம் கேட்பதில் பயனில்லை. வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வியை எழுதுவது

"செவிலியர்களின் சேவை தங்களுக்குத் திருப்திகரமாக இருந்ததா?" இந்தக் கேள்வியில் மூன்று கோளாறுகள். இந்தத் தமிழை வார்டில் யாரும் பேசுவதில்லை. 'செவிலியர்கள்' என்று மொத்தமாகக் கேட்டால் நல்லபடியாக நடந்துகொண்ட ஒரு சிஸ்டரின் முகம் நினைவுக்கு வந்து, அவருக்காகவே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். இல்லை என்று பதில் வந்தாலோ, எதைச் சரிசெய்வது என்று உங்களுக்குத் தெரியாது.

அதையே இப்படிக் கேளுங்கள்: "ராத்திரி நேரத்துல சிஸ்டரைக் கூப்பிட வேண்டி வந்துச்சா? கூப்பிட்டதும் வந்தாங்களா, கொஞ்ச நேரம் ஆச்சா, வரவே இல்லையா?" இதற்குப் பதில் சொல்லும்போது நோயாளி யாரையும் குறைசொல்வதாக நினைக்க மாட்டார், நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கும் எந்த வார்டு, எந்த நேரம் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் நாடு முழுக்க ஒரே படிவத்தில் கருத்துக் கேட்கும் ஹெச்-கேப்ஸ் என்ற முறை 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 2008 முதல் ஒவ்வொரு மருத்துவமனையின் முடிவும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகிறது. அதன் பெரும்பாலான கேள்விகள் 'எத்தனை முறை' என்ற வகை. நர்ஸ் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டாரா? ஒருபோதும் இல்லை, சில நேரம், பெரும்பாலும், எப்போதும். நம் ஊருக்கு இதை "எப்பவுமே, அநேகமா, எப்பவாவது, இல்லவே இல்ல" என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து பொம்மை முகங்கள் போட்ட அட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வயதானவர்கள் சிரிக்கும் முகத்தைத்தான் தொடுகிறார்கள். அழுகிற முகத்தைத் தொடுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள்கூட உண்டு.

அதே ஹெச்-கேப்ஸில் இன்னொரு பாடமும் இருக்கிறது. உங்கள் வலியைக் குறைக்க ஊழியர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்களா என்ற வகையில் ஒரு கேள்வி இருந்தது. நல்ல கேள்விதான். 2012 அக்டோபரிலிருந்து இந்தப் பதில்களையும் கணக்கில் எடுத்து அரசின் மெடிகேர் திட்டம் மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையைக் கூட்டிக் குறைக்கத் தொடங்கியது. அபின் வகை வலிமாத்திரைகளால் அந்த நாட்டில் ஏராளமானோர் அடிமையாகி இறந்துகொண்டிருந்த காலம் அது. மதிப்பெண்ணுக்காக டாக்டர்கள் அந்த மாத்திரைகளை அள்ளிக் கொடுக்கத் தூண்டுதலாகிவிடுமோ என்ற கவலை எழுந்தது. 2018-ஆம் நிதியாண்டிலிருந்து வலி பற்றிய பகுதியைப் பணக்கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாற்றி எழுதிய கேள்விகளையும் 2019 அக்டோபரோடு படிவத்திலிருந்தே நீக்கினார்கள். சர்வே மதிப்பெண்ணை வைத்துச் சம்பள உயர்வோ இடமாற்றமோ முடிவு செய்யலாமா என்று உங்கள் நிர்வாகத்தில் யாராவது யோசனை சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்காதீர்கள். "கழிப்பறை சுத்தமாகவும் தண்ணீர் வசதியோடும் இருந்ததா?" என்றால், தண்ணீர் இருந்து சுத்தம் இல்லாத இடத்தில் இருந்தவர் என்ன சொல்வார்? "கடைசியா பாத்ரூம் போனப்ப குழாய்ல தண்ணி வந்துச்சா?" என்று ஒன்று, "உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட முடிஞ்சுதா?" என்று இன்னொன்று. பெண்கள் வார்டில் இரண்டாவது கேள்வியை விடவே கூடாது.

"டாக்டர் சொன்னது புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். மாத்திரைக் கவரை எடுக்கச் சொல்லி, "இதுல எது எப்பப் போடணும்னு சொல்லியிருக்காங்க?" என்று கேளுங்கள். கவரில் 1-0-1 என்று எழுதியிருப்பார்கள். அது காலை, மதியம், இரவு என்பது மருந்தகத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் பாட்டிக்குத் தெரியாது.

காசு விஷயம். லஞ்சம் கொடுத்தீர்களா என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கொடுத்தது தப்பு என்ற பயம் ஒருபுறம், வாங்கியவர் நாளையும் அதே வார்டில் இருப்பார் என்ற பயம் மறுபுறம். "உள்ளே வந்ததுல இருந்து எதுக்காவது கைக்காசு செலவாச்சா?" என்று தொடங்கி, ஸ்ட்ரெச்சர் தள்ள, குழந்தையைக் காட்ட, டிரெஸ்ஸிங் மாற்ற, உள்ளே விட, வெளியே மருந்து வாங்க, வெளியே ஸ்கேன் எடுக்க என்று வரிசையாகப் படியுங்கள். எவ்வளவு என்று கேட்கலாம், யாருக்கு என்று கேட்காதீர்கள். சர்வேயில் பெயர் வாங்கினால் அது விசாரணை ஆகிவிடும், அதன் பிறகு ஒருவரும் உண்மை பேச மாட்டார்கள். புகார் கொடுக்க விரும்புகிறவருக்கு அதற்கான வழியையும் 104 உதவி எண்ணையும் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்விகள் தயாரானதும் பத்துப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். கடலூரில் எளிதாகப் புரிவது கன்னியாகுமரியில் சிரிப்பை வரவழைக்கலாம். ஓசூர், கூடலூர், திருத்தணிப் பக்கமானால் தமிழ் மட்டும் போதாது. வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய வரும் திருப்பூர் போன்ற ஊரில் இந்தி பேசும் ஒருவர் இல்லாமல் சர்வே எடுத்தால், மிகவும் சிரமப்படுகிற கூட்டத்தையே விட்டுவிடுவீர்கள்.

யார் கேட்பது, எப்போது கேட்பது

கேட்கிறவர் சீருடையில் இருக்கக் கூடாது. அந்த வார்டில் வேலை பார்ப்பவராகவும் இருக்கக் கூடாது. பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணித் துறை மாணவர்கள் கிடைத்தால் மிக நல்லது. அவர்களுக்குக் களப்பணி வேண்டும், உங்களுக்கு ஆள் வேண்டும். அரைநாள் பயிற்சி கொடுத்தால் போதும். ஒன்றை மட்டும் பலமுறை சொல்லுங்கள்: பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டும். "நல்லாத்தான் இருந்துச்சுல்ல?" என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது.

மகப்பேறு வார்டில் பெண்கள்தான் கேட்க வேண்டும். கூட இருக்கும் மாமியாரையும் அம்மாவையும் என்ன செய்வது? வெளியே போகச் சொன்னால் சண்டைதான் வரும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர், "அட்டெண்டருக்குன்னு தனியா கேள்வி இருக்குங்கம்மா" என்று பெரியவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் உண்மையாகவே கேள்வி கேட்கட்டும். ராத்திரி எங்கே படுத்தீர்கள், குளிக்க எங்கே போனீர்கள், பாஸ் கிடைத்ததா என்று கேட்டால் அவருக்கும் சொல்ல நிறைய இருக்கும். உள்ளே இருப்பவர் அதற்குள் தாயிடம் பேசிவிடலாம்.

வீட்டுக்குப் போன பிறகு போனில் கேட்பதே எல்லாவற்றிலும் சிறந்தது. ஹெச்-கேப்ஸில் வீடு திரும்பி 48 மணி நேரம் ஆவதற்குள் யாரையும் கேட்பதில்லை. ஆறு வாரத்துக்குள் முதல் அழைப்பு போயாக வேண்டும். இந்தியாவில் 2016-இல் சுகாதார அமைச்சகம் தொடங்கிய 'மேரா அஸ்பத்தால்' திட்டமும் குறுஞ்செய்தி, தானியங்கி அழைப்பு, செயலி, இணையதளம் வழியாக, நோயாளி வெளியேறிய பிறகே கேட்கிறது. திருப்தி இல்லை என்பவரிடம் காரணத்தையும் கேட்கிறது: ஊழியர் நடத்தை, சுத்தம், செலவு, சிகிச்சையின் தரம், வேறு காரணம். தொடக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் 'சுத்தம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எந்த வார்டுக்குப் பினாயில் அனுப்புவது?

நம்மவர்களுக்கு ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பேசினால் சரியாக இருக்கும். மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் கூப்பிட்டால் கூலி வேலைக்குப் போனவர்கள் எடுக்க மாட்டார்கள். கேஸ் ஷீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் கணவருடையதாகவோ அண்டை வீட்டாருடையதாகவோ இருக்கும். யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் நோயின் பெயரை வாயில் எடுக்காதீர்கள். கருக்கலைப்பு, ஹெச்ஐவி, மனநலப் பிரிவு நோயாளிகளைப் போனில் கூப்பிடவே வேண்டாம். அவர்களிடம் அடுத்த முறை நேரில் வரும்போது, சம்மதம் பெற்றுக் கேளுங்கள். எண்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் மாணவர்களுக்கு அனுப்பும் வழக்கமும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பார்த்துப் பயப்படுவது இருக்கட்டும், இது அடிப்படை மரியாதை. சர்வே முடிவைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், முதல் அழைப்புக்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ரிஜிஸ்டரில் ஒரு வகையினரை எல்லோரும் தவறவிடுகிறார்கள். டாக்டர் பேச்சை மீறி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள், சொல்லாமலே கிளம்பிப் போனவர்கள். இவர்களைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்காமல் அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். "ஏன் போனீங்க?" என்று கேட்காமல், "போறதுக்கு முந்தின நாள் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். தேதி சொல்லப்பட்டுத் தள்ளிப்போன ஆபரேஷன், யாரோ சொன்ன ஒரு சுடுசொல், வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் என்று திருப்தி அடைந்தவர்கள் ஒருநாளும் சொல்லாத விஷயங்கள் இங்கேதான் வரும்.

எத்தனை பேர்

ஆம் இல்லை என்ற கேள்விக்கு 100 பேரைக் கேட்டால், கிடைக்கும் சதவீதம் உண்மை நிலையிலிருந்து மேலோ கீழோ 10 புள்ளி வரை விலகியிருக்கலாம். 400 பேரைக் கேட்டால் 5 புள்ளி. 1,000 பேரைக் கேட்டாலும் 3 புள்ளி. மாதம் 30 படிவம் வாங்கிவிட்டு, "போன மாதம் 78, இந்த மாதம் 84, நல்ல முன்னேற்றம்" என்று பவர்பாயின்ட்டில் காட்டுவது வெறும் அலங்காரம். 30 பேருக்கு விலகல் 18 புள்ளி வரை போகலாம். மூன்று மாதம் சேர்த்துப் பாருங்கள், அல்லது ஆண்டுக்கு இரண்டு முறை ஒழுங்காக 400 பேரைக் கேளுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கேட்கிறவர் கையில் விட்டால், முகம் மலர்ந்திருப்பவர்களையே கேட்பார். ஓபியில் நாளுக்கு 600 சீட்டு போனால், முதல் இருபதில் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு இருபதாவது சீட்டுக்காரரையும் கேளுங்கள். நாளுக்கு 30 பேர் கிடைப்பார்கள். திங்கட்கிழமைக் கூட்டமும் சனிக்கிழமைக் கூட்டமும் வேறு வேறு என்பதால் வாரம் முழுக்கக் கேட்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த ஓபி நடக்கும் நாள் கட்டாயம் வேண்டும்.

பணியாளர்களிடம் கேட்பது

இங்கே பயம் வேறு வகை. நோயாளி ஒரு வாரத்தில் போய்விடுவார், பணியாளர் அடுத்த நாளும் அதே மேட்ரனின் முன்னால் நிற்க வேண்டும்.

வயது, ஆணா பெண்ணா, பிரிவு, எத்தனை வருட அனுபவம் என்று படிவத்தின் தலையில் நான்கு கட்டம் போட்டால், பெயர் எழுதாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். ஐசியுவில் ஆண் நர்ஸ் ஒருவர்தான் இருப்பார். வேலையின் வகை, பிரிவு, இந்த இரண்டு போதும். 10 பேருக்குக் குறைவாக இருக்கும் பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாமல் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். கையால் எழுதும் பகுதியை மருத்துவமனைக்குள் யாரும் படிக்கக் கூடாது. வெளியில் ஒருவர் தட்டச்சு செய்து, தாள்களை அழித்துவிட வேண்டும். கூகுள் ஃபார்ம் என்றால் மின்னஞ்சல் முகவரி வாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டுவிட்டு, "முடிச்சவங்க எல்லாரும் தம்ஸ்அப் போடுங்க" என்று கீழே எழுதும் இன்சார்ஜ் சிஸ்டர்களும் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ரகசியம் அங்கேயே போயிற்று.

பணியாளர் என்றால் டாக்டரும் நர்ஸும் மட்டும் இல்லை. ஹவுஸ் சர்ஜன், பிஜி, தொகுப்பூதிய நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், ஓபி சீட்டு போடுபவர், ஒப்பந்தத்தில் வந்த துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி எல்லோரும் உண்டு. ஒப்பந்தப் பணியாளர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே" என்பது காரணம். உள்ளே நுழையும் நோயாளி முதலில் சந்திப்பது செக்யூரிட்டியை, ஆபரேஷன் தியேட்டர் வரை கூட வருவது ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரை. இவர்களிடம் படிவம் கொடுக்க வேண்டாம். ஐந்தாறு பேராக, சூப்பர்வைசர் இல்லாத அறையில், டீ கொடுத்துப் பேசுங்கள். டீ முக்கியம்.

கேள்விகள் இங்கேயும் நடந்தவற்றைப் பற்றியே இருக்க வேண்டும். 'வேலைச் சூழல் திருப்தியா?' என்று கேட்காமல் இப்படிக் கேளுங்கள்:

கடந்த ஏழு நாளில் டூட்டி நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடிந்தது எத்தனை முறை? கையுறை தீர்ந்துபோய் வெறுங்கையோடு வேலை செய்ய நேர்ந்ததா? கடைசியாக ஊசி குத்திக்கொண்டபோது யாரிடமாவது சொன்னீர்களா? (ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சொல்லப் பயந்தவர் அந்த நேரத்தை இழந்துவிடுவார்.) நோயாளியின் உறவினர் மிரட்டியதோ கை நீட்டியதோ இந்த வருடம் எத்தனை முறை? அதில் எத்தனை முறை எழுத்தில் புகார் போனது? மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. வார்டை அது எட்டியிருக்கிறதா என்பதை இந்தக் கடைசிக் கேள்வி காட்டிவிடும்.

இரவு டூட்டியில் எங்கே படுக்கிறீர்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள். அந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிப்பறை எவ்வளவு தூரம், வழியில் விளக்கு எரிகிறதா என்றும் கேளுங்கள். 2024 ஆகஸ்ட்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி டாக்டர், நீண்ட டூட்டிக்கு நடுவே கருத்தரங்கு அறையில் ஓய்வெடுக்கப் போனவர். அதன்பின் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைக்கும் அளவுக்கு விஷயம் போனது. இரவில் டாக்டர் எங்கே ஓய்வெடுக்கிறார் என்பது எந்த மருத்துவமனையிலும் ஒரு சர்வே தாளில் வர வேண்டிய பதில்தான். பாலியல் தொல்லை பற்றி யாராவது எழுதினால் அதைச் சதவீதக் கணக்கில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவின் உறுப்பினர்களது பெயரும் எண்ணும் படிவத்தின் கடைசியில் அச்சாகியிருக்கட்டும்.

தவறு நேர்ந்தால் என்ன நடக்கிறது என்பது இன்னொரு கேள்வி. நோயாளி பாதுகாப்புப் பற்றிப் பணியாளர்களிடம் கேட்க அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 2004-இல் வெளியிட்ட படிவம் பல நாடுகளில் புழங்குகிறது. தவறைச் சொன்னால் அது தனக்கு எதிராகத் திரும்பும் என்று பணியாளர் நினைக்கிறாரா என்பதை அது விடாமல் கேட்கிறது. மருந்து மாறிப்போய்விட்டது என்று ஒருவரும் எழுதித் தராத வார்டில், மருந்தே மாறுவதில்லை என்று நம்பிவிட வேண்டாம்.

கடைசிக் கேள்வி எல்லோருக்கும் பொது. இங்கிலாந்தில் 2003 முதல் ஆண்டுதோறும் அரசு மருத்துவப் பணியாளர்களிடம் நடத்தும் சர்வேயிலும் இந்தப் பொருளில் ஒரு கேள்வி உண்டு: "உங்க வீட்ல ஒருத்தருக்கு முடியலைன்னா இங்கயே சேர்ப்பீங்களா?" இதற்கு வரும் 'இல்லை'யை ஆய்வுக்குழு அறிக்கையைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒன்றாகப் படிப்பது

நோயாளி சர்வே தரப் பிரிவுக்குப் போகும், பணியாளர் சர்வே நிர்வாக அலுவலகத்துக்குப் போகும், இரண்டும் சந்திக்காது. இதுதான் வழக்கம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் கவனிப்பாரற்றுக் கிடந்த கொடுமையை விசாரித்து, 2013-இல் ராபர்ட் பிரான்சிஸ் அளித்த அறிக்கை, குடும்பங்கள் சொன்னதும் பணியாளர்கள் சொன்னதும் காதில் விழாமல் போனதை விரிவாகச் சொல்கிறது. இரு தரப்பும் பேசிக்கொண்டுதான் இருந்தன.

ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். பெண்கள் பொது மருத்துவ வார்டு, 40 கட்டில். ராத்திரி கூப்பிட்டால் சிஸ்டர் வருவதில்லை என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தாளை மட்டும் கையில் வைத்திருக்கும் அதிகாரி என்ன செய்வார்? மெமோ கொடுப்பார், அல்லது 'கனிவாகப் பேசுவது எப்படி' என்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்துவார்.

பக்கத்தில் பணியாளர் தாளை வையுங்கள். இரவு ஒரே சிஸ்டர். இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்குப்படி பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர். அந்த எண்ணிக்கையை உங்களால் இந்த மாதம் கொண்டுவர முடியாது, சரி. இன்னும் கொஞ்சம் கீழே படியுங்கள். இரவு 9 மணிக்கு மேல் புது அட்மிஷன்கள் வருகின்றன. அவர்களுக்கான டிரிப்ஸ் செட், ஊசி மருந்தெல்லாம் வார்டில் இல்லை, இன்டென்ட் எழுதிக்கொண்டு சிஸ்டரே ஸ்டோருக்குப் போகிறார். அனுப்ப ஆள் இல்லை, வார்டு பணியாளரைக் காஷுவால்டிக்கு இழுத்துக்கொள்கிறார்கள். ஸ்டோர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. நோயாளி கூப்பிட்டபோது சிஸ்டர் வார்டிலேயே இல்லை.

இதற்குக் கனிவுப் பயிற்சி எதற்கு? மாலை ஷிஃப்ட் முடியும் முன் ஒரு டிராலியில் இரவுக்கு வேண்டியதை நிரப்பி வைக்க வேண்டும். 10 மணிக்கு மேல் அந்த வார்டின் பணியாளரைக் காஷுவால்டிக்கு எடுக்கக் கூடாது என்று ஆர்எம்ஓ ஒரு வரி எழுத வேண்டும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சில இடங்களில் இரு தாள்களும் முட்டிக்கொள்ளும். மருந்து பற்றி விளக்கிச் சொல்லித்தான் அனுப்புகிறோம் என்று பணியாளர்களில் அநேகர் எழுதியிருப்பார்கள். வீட்டில் போனை எடுத்த நோயாளிக்கு எந்த மாத்திரை எதற்கென்று தெரியாது. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். சொன்ன நேரம்தான் சரியில்லை. ஆட்டோ வாசலில் நிற்கிறது, மகள் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், அந்த நேரத்தில் மருந்தகச் சாளரத்தின் வழியாகச் சொன்னது யார் மனத்தில் நிற்கும்? முந்தின நாள் மாலையே கட்டிலில் வைத்துச் சொல்லி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கவரில் 1-0-1 இருந்த இடத்தில் சூரியனும் நிலாவும் வரையுங்கள்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவமனை மொத்தத்துக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் நல்ல வார்டு மோசமான வார்டை மறைத்துவிடும். திறந்த கேள்விக்கு வந்த பதில்களை வகை பிரித்து எண்ணுவதோடு நிறுத்தாமல், கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். பாராட்டுகளையும் படிக்க வேண்டும். "எட்டாம் நம்பர் கட்டில் ஆயா என் தலையை வாரிவிட்டாங்க" என்று எழுதியிருந்தால் அதை அந்த ஆயா இருக்கும்போதே படியுங்கள்.

திருப்பிச் சொல்வது

முடிவு முதலில் வார்டுக்குப் போக வேண்டும், பிறகுதான் கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்கு. தங்கள் வார்டைப் பற்றி மேலிடத்தில் பேசியதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் பணியாளர்கள் அடுத்த சர்வேயில் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டுவிடுவார்கள்.

கேட்டு முடித்த 30 நாளுக்குள் மூன்று காரியம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சின்னதாக இருக்கட்டும்: தாழ்ப்பாள், டிராலி, நடைபாதை விளக்கு. ஓபி வாசலில் ஒரு பலகை வைத்து, ஒரு பக்கம் 'நீங்கள் சொன்னது', மறுபக்கம் 'செய்தது' என்று எழுதுங்கள். செய்ய முடியாததையும் எழுதுங்கள், காரணத்தோடு. "ஸ்கேன் எடுக்க நாளாகிறது என்றீர்கள். ஒரு இயந்திரம்தான் இருக்கிறது. இரண்டாவது கேட்டு எழுதியிருக்கிறோம்" என்று பலகையில் பார்க்கிறவருக்குக் கோபம் கொஞ்சம் குறையும், குறையாவிட்டாலும் தவறான ஆள் மேல் பாயாது. பணியாளர்களுக்கு இதே போன்ற பலகை டூட்டி அறையில் இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை, அதே சொற்களில், அதே முறையில் கேளுங்கள். இடையில் யாருக்காவது கேள்வியின் தமிழை மெருகேற்றும் ஆசை வரும். விடாதீர்கள், சொல் மாறினால் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியாது. புதுக் கேள்வி சேர்க்க வேண்டுமானால் கடைசியில் சேருங்கள்.

கண்காணிப்பாளர்கள் மாறுவார்கள். தேர்ந்தெடுத்த முறை, கேள்வித்தாள், எண்ணிக்கை, வார்டுவாரி முடிவு, செய்தவை, செய்ய முடியாதவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரு பிரதியை நர்சிங் சூப்பரின்டெண்ட் அலுவலகத்திலும் வையுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மருந்து இருப்பு, கருவிகள் வரிசையில் அந்தக் கோப்பின் எண்ணையும் சேர்த்துவிட்டால், அடுத்து வருகிறவர் முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.